ராட்மிலா வெட்டிய ஆட்டம்

ராட்மிலாவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எங்கள் நெகோடின் ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் சொன்னால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் டாக்டரிடம் ரசீது எழுதிக்கொண்டிருந்தவள், முப்பது வயதில் என் ஸ்டுடியோவுக்கு எடிட்டிங் கற்க வந்தாள். நான் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தொழில் சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் எந்தக் குடும்பத்தில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்கு மனப்பாடம். சண்டைக்காரர்களை ஒரே காட்சியில் விடவே மாட்டாள். அது என்னிடம் கற்றதில்லை. ஆறு வருடத்தில் எதிர்வாடையிலேயே தனிக்கடை போட்டாள். வியன்னாவில் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் கல்யாணம் வைக்க ஊருக்கு வருகிற குடும்பங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன.

கடைசியில் வியன்னாவில் இருக்கும் என் தங்கை பெர்சிதாவும், மகள் கல்யாணத்துக்கு அந்தப் பக்கமே சாய்ந்தாள்.

"அண்ணா, நீ பொண்ணுக்குத் தாய்மாமன். நீ கேமராவைக் கட்டிக்கிட்டு நின்னா, முன்னால நின்னு கோலோ ஆடுறது யாரு?" என்றாள் போனில்.

சாக்கு என்று எனக்குத் தெரியாதா?

கோலோவில் எல்லோரும் கைகோத்து ஆட, நெருங்கிய உறவுகள் முறை வைத்து முன்னால் நின்று ஆட்டத்தை நடத்துவார்கள். ஒவ்வொருவர் முறையும் முழுசாக வீடியோவில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஜென்மப் பகை. வியன்னாவுக்குக் கார் கிளம்பும்போது படமும் கையில் இருக்க வேண்டும்.

ஜூலையில் ராட்மிலா இரண்டு லேப்டாப் படங்களோடு வந்தாள்.

"திஹோமிர் அண்ணே, பழைய மிஷின் உயிரை விட்டிடுச்சு. எடிட்டிங்குக்கும் ஆகணும், பில் போட, பார்ட்டிகிட்ட கொண்டுபோய்க் காட்டவும் ஆகணும். இதுல எது?"

ஒன்று கறுப்பாக, தடியாக, செங்கல் மாதிரி. அறுபத்துநாலு ஜிபி மெமரி, தனி கிராபிக்ஸ் கார்டு, சூட்டைத் தள்ள இரண்டு ஃபேன். மூன்று கேமரா காட்சியைச் சேர்த்து ஓட்டினாலும் அசராது. ஒரு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த மிஷின். அதை அவள் மேஜைமேல் நினைத்துப் பார்த்தேன், பொறுக்கவில்லை. இன்னொன்று மெலிதாக, வெள்ளி நிறத்தில். மெமரி பதினாறு, பிறகு கூட்டவும் முடியாது.

"மெலிசை வாங்கு. பார்ட்டி முன்னால வச்சா ஒரு மதிப்பு வேணாமா? அந்தக் கறுப்பைத் தூக்கிட்டுப் போனா வெல்டிங் பண்ண வந்த ஆளுன்னு நினைப்பாங்க," என்றேன்.

"உங்களைக் கேக்காம நான் யாரைக் கேக்குறது?" என்று சிரித்துக்கொண்டே போய் வாங்கிவிட்டாள்.

கல்யாணத்தில் முழங்கால் வலியோடு பதினோரு நிமிடம் கோலோவை நடத்தினேன். அந்தப் பதினோரு நிமிடம் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை.

பெர்சிதாவின் கார் கிளம்பிய அன்று மத்தியானம் ராட்மிலா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, மிஷின் கொதிச்சுப் போச்சு. கோலோ வந்தாலே நின்னுடுது. ஒருத்தரோட ஆட்டத்தைத் தூக்கினாத்தான் மிச்சம் நேரத்துக்கு முடியும்னு ஆச்சு. உங்களோடதைத் தூக்கிட்டேன்."

"என்னோடதையா?"

"வேற யாரோடதுன்னாலும் வெட்டுக்குத்து ஆயிருக்கும். உங்களுக்குத்தான் மிஷின் கஷ்டம் புரியும். என் நல்லதுக்கு யோசனை சொன்ன மனுஷன், கோவிச்சுக்க மாட்டார்னு நம்பினேன்."

உண்மை வாய் வரை வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரியில் பெர்சிதா கூப்பிட்டாள்.

"இப்பத்தான் லீவு கிடைச்சு நாலு தடவை போட்டுப் பாத்துட்டோம், படத்துல நீ ஆடினதே இல்லை. மாமா எங்கேன்னு பொண்ணு அழுறா. அந்த ராட்மிலா வேணும்னே வெட்டியிருக்கா. வியன்னாவுல ஒரு குடும்பம்கூட இனி அவகிட்ட போகாம பண்றேன் பாரு!"

நான் சும்மா இருந்தாலே போதும், எதிர்வாடைக் கடை காலி. இத்தனை வருடம் நான் கேட்ட வரம். ஒரு நிமிடம் சும்மாவும் இருந்தேன். இனித்தது, மறைக்கவில்லை.

பிறகு சொன்னேன்: "அவமேல தப்பில்லை பெர்சிதா. அந்த மிஷினை வாங்கச் சொன்னது நான். ஆகாதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."



"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு," என்று வைத்துவிட்டாள்.

ராட்மிலா கடைக்கும் என் கடைக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். இப்போது ஏப்ரல். இன்னும் போகவில்லை.