பச்சையை விட்டோம், பழுப்பை அடித்தோம்

கோயில் தலைவரே, அந்தப் பாம்புகளைக் கொன்றது நீங்கள்தான். கம்பு என் கையில் இருந்தது. எதை அடிக்கலாம், எதை விடலாம் என்று பிரித்துக் கொடுத்தது உங்கள் வாய்.

புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி இருக்கிறது. கொடிபோல் மெலிந்த, கூர்மூக்குப் பாம்புகள் அதில் குடியிருக்கின்றன. பச்சை, பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்று எல்லா நிறத்திலும் உண்டு. பச்சை அம்மனுடையது, தொடக்கூடாது. மற்றதெல்லாம் யாரோ ஏவிவிட்டது, அடித்துவிட வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் நீங்கள் மைக்கில் சொல்வது இது. பச்சையைக் கண்டால் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிடுவார்கள். மற்றதைக் கண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் தோட்டத்தில் உரம் போடுகிறவள். பாம்புக்குப் பயந்தால் எனக்குச் சோறு இல்லை.

"அக்கா, வேலியில ஒண்ணு நெளியுதுக்கா!"

"என்னா கலரு?"

"மஞ்சக்கா."

"இரு, வரேன்."

விசாரணை அவ்வளவுதான். "எமனே இவகிட்ட லீவு கேப்பான்லா" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த ஆடியில், கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள், வேலியோரம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பழுப்பு கிடந்தது. வயிறு பருத்திருந்தது. நீங்கள் பந்தல் வேலையைப் பார்க்க வந்திருந்தீர்கள்.

"ஓணான முழுங்கியிருக்கு, ஓடாது. போடு தங்கச்சி."

போட்டேன். வயிறு கிழிந்தது. உள்ளே ஓணான் இல்லை. நூல் நூலாகக் குட்டிகள். சில பழுப்பு, சில பச்சை. எல்லாம் ஒரே வயிற்றில். பாதிக்கு மேல் நசுங்கிப் போயிருந்தன, மிச்சம் நெளிந்தன. ஒரு பச்சைக் குட்டி அந்த ரத்தத்திலிருந்து தலையைத் தூக்கி, கூர்மூக்கை என் பக்கம் நீட்டியது.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். பிறகு பந்தல்காரர்கள் பார்க்காதபடி மறைத்து நின்றீர்கள்.

"நீ ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல. திருவிழா நேரம்லா."

"பச்ச இருக்கு, தலைவரே."

"உசுரோட இருக்கற பச்சைய எடுத்து வேலியில விட்டுரு."

"பழுப்பு?"

"அத ஏன் என்கிட்ட கேக்குற? எப்பவும் செய்யறதச் செய்."

செய்தேன். பச்சைகளை ஒவ்வொன்றாக எடுத்து இலைமேல் விட்டேன். நெளிந்துகொண்டிருந்த பழுப்புகளைச் சிலிப்பரால் தேய்த்தேன். இத்தனை வருடம் தெரியாமல் அடித்ததற்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? ஒரு தாயின் குட்டிகள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தேய்த்தேன். அந்தச் சிலிப்பரைக் கழுவி வைத்திருக்கிறேன். போட முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

மறுநாள் நீங்கள் மைக்கில் அதே கதையைச் சொன்னீர்கள். நான் டம்ளரோடு வரிசையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கூழை வாங்கிக் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "சாம்பல் கலருக்கா, பெருசு." வரமாட்டேன் என்றேன். "என்னக்கா, பயந்துட்டியா?" என்று சிரித்தாள். அவள் உங்களிடம் போனாள். நீங்கள் பாராங் கத்தியோடு ஓர் ஆளை அனுப்பினீர்கள். அதன் வயிறும் பருத்துத்தான் இருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை, அப்படியே கொளுத்திவிட்டார்கள்.

வேலியில் இன்னும் இருக்கின்றன. நான் ஒருத்தி கம்பைக் கீழே போட்டு என்ன ஆகப்போகிறது? நீங்கள் சொன்னால்தான் லயம் கேட்கும். இந்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அதே மைக்கைப் பிடியுங்கள். நான் முன்னால் வந்து நிற்கிறேன், தேய்த்தது நான்தான் என்று சொல்கிறேன். நீங்கள் எல்லார் காதும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: பச்சைக் குட்டி அம்மனுடையது என்றால், அதே வயிற்றில் கிடந்த பழுப்பு யாருடையது?