இரண்டு பூட்டு மதகு

“உங்க அளவு வேண்டாம், எதிர்க்கரை அளவைப் படிங்க” என்று கேட்டுவிட்டுத்தான் சாந்தாமணி காப்பியில் வாய் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, கலிஃபோர்னியாவில் பிளசன்டன் ஊர் வீட்டுச் சமையலறை. அடுப்பிலேயே பதித்த கடிகாரம் ஏழு காட்டினால், அவர் போனில் பேசும் வேறொரு நாட்டு வாய்க்கால் கரையில் மாலை ஆறு. போர்நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மேல்மடை ஊர், அந்தப் பக்கம் கடைமடை ஊர். நடுவில் ஒரே மதகு. நீரளவை மட்டும் இரண்டு ஊர்க்காரரும் மாற்றிப் படிக்க வேண்டும். “அவனவன் அளவ அவனவன் சொன்னா யாருங்க நம்புவாங்க? அடுத்தவன் வாயில வரோணும்” என்பார்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். நீரியல் படித்தவர். ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மதகுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஊருக்கொரு சாவி கொடுக்கச் சொன்னவர் அவர்தான். தண்ணீர் முறை ஓர் ஊரிலிருந்து மற்றதற்கு மாற, சாவிக்காரர் இரண்டு பேரும் வந்தாக வேண்டும். தண்ணீருக்காக ஏழு பேர் செத்த இடம் அது. பூட்டு வந்த பிறகு மூன்று வருடமாக ஒரு வெடிச்சத்தம் இல்லை. இத்தனை சாமர்த்தியமும் வீட்டு வாசலோடு சரி. புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் எத்தனை நிமிடம் ஓடலாம் என்பதில் கணவர் நஞ்சுண்டனோடு இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

முறை மாறும் ஞாயிறன்று, சாவியோடு வரச் சொல்லும் செய்தி அவர் கணினியிலிருந்து இரண்டு ஊருக்கும் தானாகப் போகும். இந்த மார்ச்சில் ஒருநாள் அது அங்கே ஆறு மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்கே போய்விட்டது. நேரத்தை மாற்றியிருக்கிறார்கள் போல என்று கடைமடைச் சாவிக்காரர் உடனே வந்து நின்றார். மேல்மடைச் சாவிக்காரர் போனைத் திரும்பிப் பார்க்காத ஆள்; கைக்கடிகாரம்தான் அவருக்கு எல்லாம். ஆளையும் காணோம், தண்ணீரும் மேல்மடைக்கே ஓடுகிறது. திருடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, கரையில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். சிலரிடம் துப்பாக்கி. பூட்டை உடைக்கப் போகிறார்கள் என்று அங்கிருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆதிஃப் போனில் பதறினார்.

சாந்தாமணி மணியைப் பார்த்தார். கையில் போன் ஏழு இருபது காட்டியது. அடுப்பு ஆறு இருபது. ஹாலில் நஞ்சுண்டன் ஸ்டூல்மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு டேலைட் சேவிங் ஆரம்பம் சாந்தா, ஊரே கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளுது, மறந்துட்டியா?”

“அய்யோ! அந்த மெசேஜ கலிஃபோர்னியா டைம்ல இல்லீங்க செட் பண்ணி வெச்சிருக்கறேன்!”

போனை எல்லாருக்கும் கேட்கும்படி பிடிக்கச் சொல்லி, ஐம்பது பேரிடமும் தப்பு தன்னுடையது என்று சொன்னார். எங்கள் நாட்டில் இன்று கடிகாரத்தைத் திருப்பிவிட்டோம், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆறு மணிவரை பொறுங்கள் என்றார். ஆதிஃப் அதை மொழிபெயர்த்தார். அப்புறம் நாற்பது நிமிடம். சாந்தாமணி போனைக் கீழே வைக்கவில்லை. காப்பி ஆறிப்போனது.

ஆறு மணிக்கு மேல்மடைக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து, கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சாந்தாமணி கடைமடைச் சாவிக்காரரைத்தான் கேட்டார்: உங்கள் கடிகாரம் வேண்டாம், அவர் கடிகாரத்தைப் படியுங்கள். அவர் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, சத்தமாகப் படித்தார். ஆறு. இரண்டு பூட்டும் திறந்தன. கூட்டத்தில் ஒருவர் சந்தேகம் கேட்டார், ஆதிஃப் அதையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: கடிகாரத்தைத் திருப்பினால் உங்கள் ஊரில் தண்ணீர் கூடுமா? கரை முழுக்கச் சிரித்தது. சாந்தாமணிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார்.

“அப்பாடா, பொழச்சனுங்க” என்று கண்ணைத் துடைத்தபோது நஞ்சுண்டன் ஸ்டூலை மடக்கிவிட்டு அடுப்பருகே வந்தார். “இது ஒண்ணுதான் பாக்கி, மாத்திடறேன்.”

அடுப்பில் மணி ஏழு, வாய்க்கால் கரையில் ஆறு. சாந்தாமணி எட்டிப் போய், நேரம் மாற்றும் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.