பதினாறில் நின்ற குளோரின்

திருவானைக்காவலில் எனக்குச் சைக்கிள் கடை. நான் அஞ்சாவதோடு நின்றவன். என் மனைவி ஒன்பதாவது வரை போனவள். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். பிரைவேட்டாக எழுதப் போகிறேன் என்றாள். எழுது என்றேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் சாயங்கால வகுப்பு. தினமும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டேன். கூட்டி வந்தேன். நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற நேரம் அதுதான்.

அறிவியலுக்கு ஒரு வாத்தியார். என்னைவிடச் சின்னவர். மடிப்புக் கலையாத சட்டை. நகத்தில் அழுக்கு இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பிறகு வீட்டில் எல்லாம் சார்தான். காலையில் அவர் வாட்ஸ்அப்பில் பாடத்தைப் பேசி அனுப்புவார். இவள் காதில் மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். தனியாகச் சிரிப்பாள். நான் காபி கேட்பது காதில் விழாது. என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் அப்படிப் பேசியதில்லை. அது வேறு.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அணுவுக்கு நடுவுல அணுக்கருங்க. சுத்தி வளையம் வளையமா எலக்ட்ரான். முதல் வளையத்துல ரெண்டுதான் கொள்ளும். அடுத்ததுல எட்டு. கடைசி வளையத்துல எட்டு இருந்தா அது யார்கூடவும் சேராது. குளோரினுக்குக் கடைசில ஏழு, ஒண்ணு குறையுது. சோடியத்துக்குக் கடைசில ஒண்ணே ஒண்ணு. அது குடுத்துடும், இது வாங்கிக்கும். குடுக்குறது ஒண்ணு, வாங்குறது ஒண்ணு. அதான் இணைதிறன் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தா நம்ம உப்பு. சார் என்ன அழகா சொன்னாரு தெரியுமா?"

"அந்த உப்பைச் சாம்பார்ல போட மறந்துட்ட" என்றேன்.

"இதையே சார் சொன்னா ஜோக்கு. நீங்க சொன்னா குத்தல்."

அந்த வாரம் ஆளுக்கு ஒரு அணு செய்து வந்து எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். இவளுக்குக் குளோரின்.

"கடையில பால்ரஸ் இருக்குல்ல? நீங்களே பண்ணிக் குடுங்க. ரெண்டு, எட்டு, ஏழு. மொத்தம் பதினேழு."

பால்ரஸ் என்பது சக்கரத்தின் அச்சில் போடும் எஃகுக் குண்டு. என்னிடம் கேட்டாளே என்று சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை. பழைய எவர்சில்வர் தட்டில் கிரீஸால் மூன்று வளையம் போட்டேன். கிரீஸ் குண்டை நகர விடாது. ஒவ்வொன்றாக அழுத்தினேன். நாளைக்கு அந்தச் சார் இதைக் கையில் எடுத்துப் பார்ப்பார் என்ற நினைப்பும் கூடவே ஓடியது. துணி சுற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து இறங்கி வந்தவள் தட்டை என் கையில் திணித்தாள்.

"எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பதினாறு. நடு வளையத்தில் எட்டுக்குப் பதில் ஏழு.

"எங்க வீட்டுக்காரர் பண்ணது, பதினேழுன்னு நான் சொல்றேன். முன் பெஞ்சுல ஒருத்தி எழுந்து எண்ணுறா. 'அக்கா, பதினாறுதான் இருக்கு. அண்ணனுக்கு எட்டு வரைக்கும் எண்ண வராதா?'ங்கிறா. எல்லாரும் சிரிக்கிறாங்க. வேணும்னுதானே பண்ணீங்க?"

"கைப் பழக்கம்" என்றேன்.

"கடைசி வளையத்துல சரியா ஏழு வெச்ச கைக்கு நடுவுல மட்டும் பழக்கமா? சார் பேரை எடுத்தாலே உங்க மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியாதா? நாளைலேருந்து நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

போனாள். அன்றைக்கே பஸ்ஸில்தான் போனாள். நான் காலிக் கேரியரோடு திரும்பினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த ஆள் முன்னால் அவள் ஒரு தடவை தடுமாறினால் தேவலை என்று குண்டு வைக்கும்போது நினைத்தது உண்மை. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மாடி ஏறினேன். கையில் ஒரு சக்கர அச்சு. வாசலில் நின்றேன். இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றார் வாத்தியார்.

"தப்பு என்னுது சார்" என்றேன். அச்சைக் கழற்றிக் காட்டினேன். "இந்தக் கப்புல குண்டை நெருக்கி அடைச்சா சக்கரம் இறுகிடும். சுத்தாது. ரொம்பினதும் ஒண்ணை எடுத்துடணும். எட்டும் வெச்சு ரொம்பிச்சு. கை தானா ஒண்ணை எடுத்துடுச்சு. முதல் வளையத்துல ரெண்டுதான், கடைசி வளையத்துல ஏழுதான். எடம் இருந்துச்சு. அதனால எடுக்கல."

முன் பெஞ்சுக்காரி, "அப்ப அண்ணனுக்கு எண்ண வரும்" என்றாள். சிரித்தார்கள். நேற்றைய சிரிப்பு இல்லை.

வாத்தியார் அச்சை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். அவர் நகத்தில் கிரீஸ் ஏறியது. "சக்கரத்துக்கு ஒரு எடம் காலியா இருந்தாத்தான் ஓட்டம். அணுவுக்கு எட்டும் ரொம்பினாத்தான் நிம்மதி. அண்ணன் கணக்கு அவர் தொழிலுக்குச் சரி" என்றார். நல்ல மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

இவள் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தது அவரை.

வகுப்பு முடிந்து கீழே வந்து பஸ் ஸ்டாப் பக்கம் போவாள் என்று நினைத்தேன். கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பாலத்தில் ஏறும்போது ஆரம்பித்தாள்.

"நீங்க கீழ போனப்புறம் சார் உங்களைப் பெரிய மூளைக்காரர்ன்னாரு."

"நீ என்ன சொல்ற?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மிதித்தேன்.