பாறை தேடிய குழி

பெங்களூரில், பக்கத்து மனையில் போர்வெல் லாரி கக்கும் ஈரக் கல்மாவு வாசனை ஜன்னலில் ஏறி வந்தால், எண்பதுகளில் மொரப்பூர் ரயில் பாதையோரம் அப்பா வீடு கட்டத் தோண்டிய குழிக்குள் இறங்கிவிடுகிறேன். பெருமழையிலும் விழாதபடி கற்பாறையின்மேல் வீடு கட்டினவனைப் பற்றி சர்ச்சில் பிரசங்கம் கேட்டுவந்தவர், பாறை தட்டுப்படாமல் அஸ்திவாரம் போடமாட்டேன் என்று நின்றுவிட்டார். தினமும் குழிக்குள் முழங்கால் போட்டு ஜெபம், பிறகு கடப்பாரைச் சத்தம். ரயில் போகும்போதெல்லாம் பக்கச்சுவர் மண் பாவாடையில் உதிர, ஜெபத்தின் நடுவிலேயே நான் கண்ணைத் திறந்து திறந்து பார்ப்பேன். பதினைந்து அடியில் பாறை வந்தது. அதன் வெடிப்பிலிருந்து தண்ணீரும் வந்து, மறுநாள் இடுப்பளவு நின்றது.

"வூடு கட்டச் சொன்னா கெணறு வெட்டி வெச்சிருக்கீங்களே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரே குடிக்கட்டும், வுடு" என்றார் அப்பா.

ஊர் குடித்தது. எங்களுக்குக் கடைசிவரை வாடகை வீடுதான். அந்தக் கிணற்றையும் இப்போது மூடி மனை போட்டுவிட்டார்கள்.

எனக்குப் பதினோராவது மாடியில் சொந்த வீடு. போர்வெல் அதிரும்போதெல்லாம் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். மழைக்கு ஒழுகிய அந்த வாடகை ஓட்டு வீட்டில், அப்பா ஒருநாளும் சுவரைத் தொட்டுப் பார்த்ததில்லை.