மூன்று ஊருக்கு ஒரு கிணறு

மாணிக்கத்துக்கு அதிகாரிகளைக் கண்டாலே ஆகாது. கொல்லிமலைக்கு வந்த துரைமாரையெல்லாம் டோலியில் சுமந்தவன் அவன். தோளில் காய்ப்பு, வாயில் வசவு. எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் யாரையும் தப்பாகத் திட்டியதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மலையின் ஒரு பகுதியான திண்ணனூர் நாட்டில் மூன்று ஊர்களுக்குக் கிணறு வெட்ட உத்தரவானது. அதில் ஒன்று எங்கள் ஊர். மாணிக்கத்தின் மனைவி ருக்குமணி பள்ளத்து ஊற்றிலிருந்து குடத்தோடு ஏறும்போது வழுக்கி விழுந்து, வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். கிணறு வரவேண்டுமென்று அவன் கும்பிடாத சாமியில்லை. காண்டிராக்டர் அர்த்தனாரியோ, பக்கத்து ஊரில் ஒன்றை வெட்டிவிட்டு மூன்றும் முடிந்தது என்று சொல்லிவிட்டான். அவன் விளங்குவானா?

தணிக்கைக்கு ஓர் அதிகாரி முள்ளுக்குறிச்சி வழியாக மலையேறி வந்தார். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து டோலியைச் சுற்றித் திரை. மாணிக்கமும் மூன்று பேரும் சுமக்க, அர்த்தனாரி முன்னால் நடந்து வழிகாட்டினான். முதல் கிணற்றைக் காட்டினான். பிறகு கேழ்வரகுக் காடுகளைச் சுற்றவைத்து, அதே கிணற்றுக்கு மறுபக்கமாகக் கூட்டிவந்து இரண்டாவது என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"அடுத்தது மாணிக்கம் ஊருக் கெணறுங்க" என்று அவன் மறுபடியும் சுற்றுப்பாதைக்குத் திரும்பியதும், மாணிக்கம் டோலியை இறக்கினான்.

"ஏனுங்க சாமி, ரெண்டும் ஒரே கெணறுங்க. எங்க ஊருல கெணறே இல்லீங்க. வந்து பாருங்க."

அதிகாரி திரையை விலக்கினார். "தெரியும்டா. கெணத்துல ஒடிஞ்ச ராட்டினத்த ரெண்டு தடவையும் பார்த்தேன். நான் என்ன குருடனா? பேசாம தூக்கு."

"அப்ப நடந்து போ" என்றான் மாணிக்கம். டோலியோடு மரியாதையையும் அங்கேயே போட்டுவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதிகாரி அடிவாரம்வரை நடந்தே இறங்கினாராம், காய்ச்சலும் கண்டதாம். கேட்டு எங்கள் வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. மாணிக்கம் மனு கொடுக்க ஆபீசுக்குப் போனபோது குமாஸ்தா எரிந்து விழுந்தார்.

"உங்க ஊருக்குத்தான் கெணறு வெட்டி, தணிக்கையும் ஆயிடுச்சே! ஒரு ஊருக்கு ரெண்டு கெணறு கேக்குதா உனக்கு?"

வாழ்க்கையில் முதல்முறையாக மாணிக்கத்துக்கு வசவு வரவில்லை. மலையேறி வந்தவன், பள்ளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ருக்குமணியிடமிருந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டான். பொம்பளை வேலை என்று ஊர் சிரித்தது. சாகும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் தூக்கியவன் அவன்தான்.