கதிர் ஏற்றாமல் திருப்பிய கோழி

என் தங்கச்சிக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. கொஞ்சம் காய்ச்சல், முதுகுவலி, அவ்வளவுதான் இருந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா லிஸ்டீரியா என்றார். அசுத்தமான இடத்தில் தயாராகும் இறைச்சியில் வரும் கிருமி. ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாலும் வளரும்.

மில்லர்புரத்தில் அவள் வீட்டு ஃப்ரிட்ஜில், வேகவைத்துச் சீவிய கோழிக்கறி பாக்கெட் பாதி மீதியிருந்தது. பக்கத்திலேயே பிரிக்காத பாக்கெட் ஒன்று. நான் அப்போது இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் இருந்தேன். இரண்டையும் சோதித்தேன். இரண்டிலும் அதே கிருமி.

அதைத் தயாரித்தவர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கும் இறைச்சி சப்ளை செய்பவர். நேரில் போய்ச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜைத்தான் குறை சொன்னார். கடைசியில், "வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுல ஆக்கித் திங்காம பாக்கெட்டை எதுக்குப் பிரிக்கா?" என்றார். புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார்.

அந்த ஆளை நான் மறக்கவில்லை. மறக்க நினைக்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து ஊருக்கு வெளியே உள்ள கதிர்வீச்சு நிலையத்தில் தர அதிகாரியாகச் சேர்ந்தேன். தடித்த கான்கிரீட் சுவருக்குள் கதிர் வீசும் கோபால்ட் இருக்கும். உறைந்த இறைச்சிப் பெட்டிகள் அதைச் சுற்றி ஓடி வெளியே வரும்போது உள்ளே இருக்கும் கிருமிகள் செத்திருக்கும். ஆனால் ஒரு விதி உண்டு. நல்ல சரக்கைத்தான் ஏற்ற வேண்டும். அழுக்குச் சரக்கைக் காப்பாற்றுவதற்காகக் கதிரைப் பயன்படுத்தக் கூடாது.

ஒருநாள் அவரே வந்தார். ஒரு கப்பல் அவருடைய கோழியைத் திருப்பி அனுப்பிவிட்டது. கதிர் ஏற்றிய முத்திரையோடு வேறு கப்பலுக்குத் தள்ளிவிடப் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு சுற்று விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கே விளக்கினார்.

மாதிரி எடுக்கச் சொன்னேன். முடிவு வரும்வரை, அது மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மோசமாகத்தான் இருந்தது. சரக்கை ஏற்க மறுத்து, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அன்றைக்கே தகவல் சொன்னேன். இந்த முறை கழுவ அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெட்டிகள் எங்கள் குளிர்கிடங்கில்தான் இருந்தன.

மறுநாள் ஓடி வந்தார். "ஏம்மா, உனக்கும் எனக்கும் என்ன பகை?"

"என் தங்கச்சி பிள்ளை, அண்ணாச்சி. அவ உங்க கோழியைத் தின்னதுல வயித்துலயே செத்துச்சு" என்றேன்.

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அவர் தடுமாறியிருந்தால்கூட எனக்கு ஆத்திரம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

உரிமத்தை ரத்து செய்து அவருடைய இடத்துக்குச் சீல் வைத்தார்கள். தங்கச்சியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னாள்.

ஸ்கூட்டரில் போனோம். பூட்டிய கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றோம். உள்ளே ஆளில்லை. போவோமா என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்க்கா" என்றாள்.