சிக்கந்தர் பாய் எடுத்துக் கொடுத்த மெல்லிசுக் கத்தி

இரும்புக்கடை சிக்கந்தர் பாய் நேற்று ராத்திரி திருச்சியில் மகன் வீட்டில் இறந்துபோனார். காலையில் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது... அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

கத்தி வாங்கப் போன அன்றைக்குத் திண்டுக்கல் மெயின் ரோட்டில் அவர் கடையில் இருந்தவர்கள் நாலே பேர். சிக்கந்தர் பாய், மில் மேஸ்திரி ராமையா, என்னோடு வேலை பார்த்த கருப்பாயி, நான்.

அறுபதுகளில் நடந்தது. மில்லில் பெரிய மைதானம், முதலாளி பங்களா முன்னால் புல்தரை. முதலில் நாங்கள் பொம்பளைகள் அரிவாளால் அறுத்தோம், அப்புறம் மெட்ராஸிலிருந்து புல் வெட்டும் மெஷின் வந்தது. எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள்.

மெஷினுக்கு முன்னால் நடந்து கல் பொறுக்க மட்டும் ரெண்டு பேரை வைத்துக்கொண்டார்கள். நானும் கருப்பாயியும்.

என் வீட்டுக்காரர் தென்னைமரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்த சமயம். ரெண்டு பிள்ளைகள். அந்தக் கல் பொறுக்கும் வேலையும் போனால் அடுப்பு இல்லை... அவ்வளவுதான்.

அந்த மெஷினில் உருளையோடு சுற்றும் கத்திகள் புல்லை இழுத்து, அடியில் இருக்கும் தட்டைக் கத்தியில் வைத்து நறுக்கும். அந்த அடிக்கத்தி பல்லு பல்லாகப் போய்விட்டது. மாற்றுக் கத்தி பொருந்துகிறதா என்று பார்க்க, உருளையைச் சட்டத்தோடு சாக்கில் சுற்றி நானும் கருப்பாயியும் கடைக்குத் தூக்கிப் போனோம். மேஸ்திரி முன்னால் கையை வீசிக்கொண்டு வந்தார்.

பாய்க்கு அப்போது சின்ன வயசு. ரெண்டு கத்தியை எடுத்துப் பலகையில் வைத்தார். ஒன்று தடிச்சது, ஒன்று மெல்லிசு.

"எதுப்பா நல்லா உழைக்கும்?" என்றார் மேஸ்திரி.

"உழைப்புன்னா தடிச்சதுதாண்ணே. சின்னக் கல்லு பட்டாலும் கம்முனு போயிக்கிட்டே இருக்கும்."

"அப்ப அதையே குடு. கல்லு பொறுக்க இதுகளுக்கு வேற எதுக்குத் தெண்டமா கூலி?"

கருப்பாயி என் முதுகில் கிள்ளினாள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன் மேஸ்திரிண்ணே, நாங்க அம்புட்டுப் பாரமாவா இருக்கோம்?"

"ஒன்னைய யாரும் கேட்டாகளா? அந்தச் சாக்க எறக்கி வச்சிட்டு ஓரமா நில்லு."

பாய் எங்களைப் பார்த்தார். ஒரே தடவை. அப்புறம் மேஸ்திரியிடம் திரும்பினார்.

"அண்ணே, பங்களா வாசலும் இதுலதான் வெட்டுறீகளா?"

"ஆமா. அதுக்குத்தான மெஷினே."

"அப்பச் செத்த யோசிங்க. தடிச்சது போட்டா ஒட்ட வெட்டாது, புல்லு கொஞ்சம் ஒசரமாத்தான் நிக்கும். இந்தா, ஒங்க நாலு நாள் தாடி மாதிரி."

மேஸ்திரி தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அழுகையும்தான்.

"மெல்லிசு போட்டா?"

"சலூன்ல சேவிங் பண்ணுன கன்னம். ஆனா கல்லு பட்டா கத்தி வாய் மழுங்கிப் போயிரும், முன்னாடி பொறுக்க ஆளு கட்டாயம் வேணும். அதுதான் ஒங்ககிட்ட இருக்கே. முதலாளி கார விட்டு எறங்குனதும் மொதல்ல புல்லைத்தான பாப்பாரு?"

ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை மனுஷன்.

மெல்லிசுக் கத்தியை உருளைக்கு அடியில் பூட்டி, ஒரு நியூஸ் பேப்பரை உள்ளே கொடுத்துக் கையால் சுற்றினார். சரக்கென்று நறுக்கி விழுந்தது. மேஸ்திரி அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இதையே கட்டு" என்றார்.

எங்கள் வேலை தப்பியது.

வெயிலில் தூக்கி வந்தவர்கள் என்று எங்களுக்கு நன்னாரி சர்பத் வரவழைத்துக் கொடுத்தார் பாய். கருப்பாயி ரெண்டு கிளாஸ் குடித்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

விடியற்காலையில் மைதானத்தில் குனிந்து கல் பொறுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்... ஒருநாள் கடைக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும் என்று.

அதற்குள் மில் தண்ணீர்ப் பைப்படியில் பேச்சு கிளம்பிவிட்டது. "கடைக்காரரு சும்மாவா மெல்லிசத் தூக்கிக் குடுத்தாரு? அவரு கண்ணு யாரு மேல இருந்துச்சுன்னு நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேனே" என்று சொன்னது கருப்பாயி.

பேச்சு என் வீட்டுக்குள்ளும் வந்தது. படுத்திருந்த மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்... கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கருப்பாயியிடம் போய் நின்றேன். "அட போடி, சிரிப்புக்குச் சொன்னேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வார" என்றாள்.

அப்புறம் நான் அந்தக் கடைப்படி ஏறவே இல்லை. ரோட்டில் பாய் எதிரே வந்து "நல்லாருக்கீகளாம்மா?" என்று கேட்டபோதும், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவர் அங்கேயே நின்றார்.

என்ன நினைத்திருப்பார்... நன்றி கெட்டவள் என்றுதானே.

பிறகு கடையைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அட்ரஸ்கூட நான் யாரிடமும் கேட்கவில்லை.

பாய், என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த வேலையில்தான் நாங்கள் சாப்பிட்டோம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

ராமையா மேஸ்திரியை எப்போதோ மன்னித்து விட்டுவிட்டேன், அந்த ஆளுக்கு வாய் மட்டும்தான்.

செத்து மண்ணாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் விடமாட்டேன்... கருப்பாயியை.